பத்து இடங்களும் புன்னைக்காயலும்

ஐரோப்பாவுக்குப் போய்வந்த தமிழர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன் நான். வேண்டாத பழக்கம்தான். வாசித்து முடித்ததும் ஓர் எரிச்சல் மிஞ்சும். அடுத்தது கண்ணில் பட்டால் அதையும் வாசிப்பேன். அண்மையில் வாசித்தவற்றுள் மூன்று போர்ச்சுக்கல் பற்றியவை. எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள். எனக்கோ ஒரே கட்டுரையை மூன்று முறை வாசித்த உணர்வு. லிஸ்பனில் இறங்குகிறார்கள். மஞ்சள் டிராமில் ஏறுகிறார்கள். பெலேம் கோபுரம், ஜெரோனிமோஸ் மடாலயம், அதற்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. பக்கத்தில் 1837 முதல் நடக்கும் கடையில் முட்டையும் பாலும் சேர்த்துச் சுட்ட பணியாரம். அதற்கு வரிசையில் நின்ற நேரம், கொடுத்த விலை. மறுநாள் சிந்த்ரா அரண்மனை. கடைசியில் ஒரு பெருமூச்சு: நம் நாட்டிலும் பழையவற்றை இப்படிப் பேணினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பெருமூச்சில்தான் என் சண்டை தொடங்குகிறது.

ஜெரோனிமோஸ் மடாலயத்தின் மேற்குச் சிறகில் போர்ச்சுக்கலின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. புதுப்பிப்புப் பணிக்காக 2022-ல் மூடினார்கள். அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு சிறிய நூல் உண்டு. 1554 பிப்ரவரி 11-ஆம் நாள் லிஸ்பனில் அச்சாகி முடிந்தது. போர்ச்சுக்கீசிய மன்னன் மூன்றாம் ஜோவானின் கட்டளையால் வந்த ஜெப நூல். கறுப்பும் சிவப்புமாக அச்சிட்ட அதன் பக்கங்களில் ரோமன் எழுத்தில் இருப்பது தமிழ். தமிழ் வரிகளோடு போர்ச்சுக்கீசியப் பொருளும் உண்டு. ஓர் இந்திய மொழி நூலுருவில் அச்சேறிய முதல் நிகழ்வு என்று ஆய்வாளர் குறிப்பது இதைத்தான். வாஸ்கோ ட காமாவின் கல்லறை முன் நின்று படம் எடுத்துக்கொண்ட நம் மூன்று எழுத்தாளர்களும் அதே கட்டட வரிசையில் தம் தாய்மொழியின் முதல் அச்சு நூல் இருப்பதை அறியாமலேயே பணியாரக் கடைக்கு நடந்திருக்கிறார்கள்.

அந்நூலைத் தமிழாக்கியவர்கள் மூவர்: விசென்டே த நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குருஸ். லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்த தமிழர்கள். ஞானஸ்நானப் பெயர்களில்தான் வரலாறு அவர்களை அறியும். முதலாமவர் பெயரில் உள்ள நாசரேத்துக்கும் எங்கள் ஊருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சாண்பத்து என்றிருந்த எங்கள் ஊர் நாசரேத் ஆனது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். என்றாலும் அந்தப் பெயரை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடல் கடந்து ஓர் அந்நிய நகரத்தில், அச்சுக்கோப்பவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாத நிலையில், தம் மொழியின் ஒலிகளை வேற்றெழுத்தில் வடித்துக் கொடுத்த அந்த மூவரைப் பற்றி நம்மிடம் ஒரு நல்ல சிறுகதைகூட இருப்பதாக நான் அறியேன்.

பெலேம் கரையில் இன்னொரு காட்சிப் பொருளும் உண்டு. கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம் என்பார்கள். 1940 கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பி, 1960-ல் நிலையாகக் கட்டியது. சலாசாரின் சர்வாதிகார ஆட்சி தன் பேரரசுப் பெருமையைக் கல்லில் காட்டிக்கொண்ட இடம். டேகஸ் ஆற்றை நோக்கிய கப்பல் முகப்பில் வரிசையாக நிற்கும் உருவங்களில் ஒன்று பிரான்சிஸ் சவேரியார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டுக் குகையில் தங்கினார் என்று நம் மக்கள் சொல்லும் அதே சவேரியார். மூன்று கட்டுரைகளில் இரண்டு அந்தச் சின்னத்தைப் படத்தோடு போட்டிருக்கின்றன. மணப்பாடு என்ற சொல் இரண்டிலும் இல்லை.

சுற்றுலாப் பயணி ஆய்வாளன் இல்லையே, விடுமுறைக்குப் போகிறவனிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பார்கள். பயணியிடம் எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. அவன் பணம், அவன் கால். பணியாரத்தைத் தின்றுவிட்டுச் சும்மா வீடு திரும்பினால் அவனை நான் வாழ்த்துவேன். பேனாவை எடுத்து இலக்கிய வாசகர்முன் வந்து நின்றபின் அந்தச் சலுகை கிடையாது. விமான நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கையேட்டில் இருப்பதைத் தமிழில் எனக்குச் சொல்ல ஓர் எழுத்தாளன் எதற்கு?

வேறு மாதிரிப் போனவர்களும் இருந்தார்கள். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்த ஏ.கே. செட்டியார் ஒருவர். தனிநாயகம் அடிகள் இன்னொருவர். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்து, குருவாகித் தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு இணைந்து, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1952-ல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். அவரும் ஐரோப்பா போனார், கோபுரங்களையும் பார்த்திருப்பார். ஆனால் நூலகங்களுக்குள் நுழைந்து தமிழ் நூல்களைத் தேடினார். 1679-ல் அச்சான அந்தாம் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் கிடப்பதை 1954-ல் வெளிக்கொணர்ந்தவர் அவரே. அவருடைய 'ஒன்றே உலகம்' பயண நூல்தான். அதை வாசித்த ஒருவர் 'பார்க்கவேண்டிய பத்து இடங்கள்' என்று தலைப்பிடக் கூசுவார்.

இனி எதிர்த்தரப்புக்கு வருகிறேன். அவர்களும் எனக்கு உவப்பில்லை. "ஐரோப்பாவில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் கொள்ளையடித்த பணத்தில் கட்டியது. இங்கே இல்லாததா?" என்று மேடையில் முழங்குகிறவர்கள். கொள்ளை உண்மைதான். ஆப்பிரிக்க, கீழ்த்திசை வணிகத்தின் மீது விதித்த இருபதில் ஒரு பங்கு வரியில் எழுந்ததுதான் ஜெரோனிமோஸ். ஆனால் "இங்கே இல்லாததா" என்று கேட்பவரிடம், இங்கே இருப்பதை அவர் எப்போது பார்த்தார் என்று நான் திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. "அச்சேறிய முதல் இந்திய மொழி தமிழ்" என்று மார்தட்டும் நூறு பேரில், அந்த அச்சு நம் மண்ணில் எங்கே நடந்தது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

சென்ற கோடையில் என் அத்தான் போர்ச்சுக்கலும் ஸ்பெயினும் சுற்றிவிட்டு ஊருக்கு வந்திருந்தார். கைபேசியில் நானூறு படங்கள். பார்த்து முடித்ததும் கேட்டேன்.

"அத்தான், புன்னைக்காயல் போயிருக்கீங்களா?"

"அங்க எதுக்குல? மீன் வாங்கவா?"

நாசரேத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், தமிழில் அண்டிரிக் அடிகளார், பதினாறாம் நூற்றாண்டில் அங்கே தங்கித் தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது. பதினாறே பக்கம், சீனத் தாள். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586-ல் 'அடியார் வரலாறு', அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூல். அது அச்சான இடம் புன்னைக்காயல் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. அச்சுக்கான பொருளைத் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சடக்கிக் கடலடியில் இறங்கிச் சிப்பி அள்ளியவர்களின் காசு தமிழின் முதல் ஈய எழுத்துகளுக்குப் போயிருக்கிறது. இதைவிடப் பெரிய காட்சி லிஸ்பனில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்படின்னா அங்க ஒரு மியூசியம் கட்டணும்" என்றார் அத்தான். அதுவும் கையேட்டு மனந்தான். கட்டட‍மும் நுழைவுச்சீட்டும் இருந்தால்தான் ஓர் இடம் பார்க்கத் தக்கதாகிறது. புன்னைக்காயலில் பார்க்க ஆறும், கடலும், படகுகளும், மாதா கோயிலும் இருக்கின்றன. மிச்சத்தைப் போகிறவன் வாசித்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். வாசிக்க நூல் இல்லையென்று சொல்ல முடியாது. சேசுசபை அறிஞர் ச. இராசமாணிக்கம் 1963-ல் தம்பிரான் வணக்கத்தையும் 1967-ல் அடியார் வரலாற்றையும் பதிப்பித்தார். வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம். லிஸ்பன் நூலை ழான் ஃபிலியோசா 1967-ல் புதுச்சேரியிலிருந்து பதிப்பித்தார். விசா வேண்டாம். ஒரு நல்ல நூலகமும் ஒரு பகல் பொழுதும் போதும்.

நாசரேத்துக்காரர்களாகிய நாங்கள் இதில் தனி ரகம். புனித நாட்டுப் பயணம் போய், அங்குள்ள நாசரேத்தில் நின்று படம் எடுத்து, நாசரேத் வீட்டுச் சுவரில் மாட்டுகிறோம். 1876-ல் இங்கே வந்து 1908-ல் இங்கேயே மடிந்த மர்காஷியஸ் ஐயரின் கல்லறையை ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. தச்சும் கொல்லும் கற்பிக்க அவர் காலத்தில் எழுந்த தொழிற்பள்ளி இந்தத் தேரிக்காட்டுப் பனைச் சமூகத்தை எப்படி மாற்றியது என்று எங்களில் ஒருவர் உருப்படியாக எழுதியதை நான் இன்னும் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

பெர்லின் கதை இன்னும் கசப்பானது. திருச்செந்தூர் ரயில் பாதையில் எங்களுக்குச் சில நிலையங்கள் முன்னால் ஆதிச்சநல்லூர். 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்த பானைகளும் இரும்புக் கருவிகளும் மண்டையோடுகளும் பெர்லினுக்குப் போயின. 1904-ல் லாபிக் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்தவை பாரீசுக்கு. அலெக்சாண்டர் ரீ எடுத்தவற்றின் பட்டியல் 1915-ல் அச்சானது, அவை சென்னைக்கு. 2020 நிதிநிலை அறிக்கையில் அருங்காட்சியகம் அமைக்கத் தேர்ந்த ஐந்து இடங்களில் ஆதிச்சநல்லூரும் ஒன்று. குழிகளை அங்கேயே கண்ணாடிக்குக் கீழே காட்டும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. பெர்லின் அருங்காட்சியகத் தீவைப் பற்றி எழுதும் தமிழர் யாரும், எங்கள் பரம்பில் புதைந்தவர்களின் எலும்பு அந்த நகரத்துக்கு வந்ததை எழுதி நான் கண்டதில்லை. எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் அழகைப் பற்றி மட்டும் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள்.

ஐரோப்பாவைத் துறக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த உறவு நம் வாயிலேயே இருக்கிறது. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாம் போர்ச்சுக்கீசியச் சொற்கள். பெலேம் பணியாரம் மஞ்சள் கருவால் ஆனது. மடத்துத் துணிகளுக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்தபின் மிஞ்சியதில் செய்தார்கள் என்று அங்கே கதை சொல்வார்கள். தூத்துக்குடி மக்ரூன் முழுக்க வெள்ளைக் கரு. கூடச் சேரும் முந்திரி போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்துக் காய். முட்டையை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டதுபோல இருக்கிறது. (இதை ஆய்வு முடிவாக யாரும் மேற்கோள் காட்டவேண்டாம், தின்றுகொண்டே யோசித்தது.)

அத்தானை ஒரு ஞாயிறு மாலை புன்னைக்காயலுக்கு அழைத்துப் போனேன். முகத்துவாரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். வலை காயப்போட்டிருந்த ஒருவரிடம், "இங்க பழைய அச்சாபீஸ் எங்க இருந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர் வலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆத்துல மண்ணு ஏறி ஊரே இடம் மாறிட்டு. நீங்க அண்டிரிக் சாமி அச்சாபீஸயா கேக்கிய?"

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.