தறிக்குழியில் ஊற்று... அடுப்பில் பூனை! புது வீடு கட்டும் நெசவாளர்கள் கோட்டை விடுவது எங்கே?

வாலாஜாபாத்: ஐப்பசி பிறந்தால் ஊரெல்லாம் தீபாவளி பேச்சு. பட்டு நெய்பவர் வீட்டில் மட்டும் வேறு கவலை. இந்த வருஷம் தறிக்குழியில் தண்ணி ஊறுமா, ஊறாதா என்பதுதான் அது.

வாலாஜாபாத், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று காஞ்சிபுரம் ரோட்டை ஒட்டிய நெசவு ஊர்களில் இது வருஷா வருஷம் நடக்கிற கதை. நாலு நாள் அடைமழை பெய்தால் போதும். வாசல் வழியாகத் தண்ணி வரவே வேண்டாம். குழியின் அடியிலிருந்தே குபுகுபுவென்று ஊற்றெடுக்கும். தறி நிற்கும், கூலியும் நிற்கும்.

இதில் வேதனை என்னவென்றால், பழைய ஓட்டு வீட்டில் மட்டும் இல்லை, கடன் வாங்கிக் கட்டின புது வீட்டிலும் இதே கதைதான். லட்சக்கணக்கில் செலவு பண்ணியும் ஏன் இப்படி? கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

சேலைக்குத்தான் கூலி, நாளுக்கு இல்லை

குழித்தறி என்பது தரையில் இரண்டரை முதல் மூணு அடி வரை பள்ளம் எடுத்து அமைக்கிற தறி. நெய்பவர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். குழியில் தண்ணி நின்றால் காலை எங்கே வைப்பது?

முழங்கால் தண்ணியில் நின்று மிதித்தாலும் பிரயோஜனம் இல்லை. மரம் ஊறி உப்பிப் போகும். பாவில் ஈரம் ஏறினால் இழை நமத்துப் போகும். ஜரிகை கறுக்கும். கறுத்த சேலையை முதலாளியும் எடுக்க மாட்டார், சங்கமும் எடுக்காது.

நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. நல்ல கோர்வைச் சேலைக்கு 10, 15 நாள் ஆகும். வடகிழக்குப் பருவமழை பெய்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் தீபாவளி ஆர்டரும், தை முகூர்த்த ஆர்டரும் குவிகிற நேரம். சம்பாதிக்க வேண்டிய மூணு மாசத்தில்தான் குழி குளமாகிறது.

வாலாஜாபாத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு தண்ணி?

ஊருக்குப் பக்கத்திலேயே பாலாறு. வருஷத்தில் பல மாசம் மணல்தான் தெரியும். ஆனால் வந்தால் வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனது யாருக்கும் மறந்திருக்காது. வாலாஜாபாத் - அவளூர் தரைப்பாலமே சேதமானது. 2015 நவம்பர், டிசம்பர் மழையும் அப்படித்தான். அந்தப் பக்கம் தென்னேரி மாதிரி பெரிய ஏரிகள் வேறு.

ஆறும் ஏரியும் நிறைந்தால் நிலத்தடி நீர் மட்டம் மேலே ஏறும். கிணற்றில் தண்ணி ஏறுவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம். அதே தண்ணிதான் மூணு அடி தோண்டின தறிக்குழியையும் தேடி வருகிறது. பூமிக்குப் பார்வைக்குக் கிணறும் ஒண்ணுதான், தறிக்குழியும் ஒண்ணுதான்!

ரோடு ஏறுது, வீடு இறங்குது

இது இயற்கை செய்வது. மனுஷன் செய்வது தனி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி ரோடு போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு அங்குலம், ஆறு அங்குலம் ஏறும். மூணு தடவை போட்டால் வீட்டு வாசல் பள்ளமாகிவிடும்.

இந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குத்தான் புது ரோடு போட வேண்டும் என்பது உத்தரவு. உங்கள் தெருவில் ரோடு போட வந்தால் இதைச் சொல்லித் தைரியமாகக் கேளுங்கள். கேட்டால்தான் நடக்கும்.

பூச்சு வேலை எல்லாம் வெறும் மேக்கப்

குழியில் தண்ணி வந்தால் உடனே என்ன செய்கிறோம்? கொத்தனாரைக் கூப்பிட்டு உள்பக்கம் சிமெண்ட் பூசச் சொல்கிறோம். கடையில் ஒரு டப்பா மருந்து வாங்கிக் கலக்கிறோம். அடுத்த மழைக்கு அது பெயர்ந்து விழுகிறது.

காரணம் ரொம்ப சிம்பிள். தண்ணி வெளியிலிருந்து தள்ளுகிறது. குழியைச் சுற்றி மண்ணில் மூணு அடி உயரத்துக்குத் தண்ணி நின்றால், அடித்தரையில் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 85 கிலோ எடை கீழே இருந்து மேலே தள்ளும். 5க்கு 3 அடி குழி என்றால் மொத்தம் ஒன்றேகால் டன்! உள்பக்கம் பூசின அரை அங்குலப் பூச்சு இதைத் தாங்குமா?

அதிலும் தரையும் சுவரும் சேருகிற மூலைதான் முதலில் விடும். 

புது வீடு கட்டுபவர்கள் கவனிக்க

தரை போட்ட பிறகு குழி தோண்டுவதுதான் பெரிய தப்பு. அஸ்திவாரம் எடுக்கும்போதே தறி எங்கே வரும் என்று முடிவு பண்ணி, மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும். அப்போது செய்தால் செலவு கம்மி, வேலையும் சுத்தம்.

* முதல் மருந்து உயரம். பேஸ்மட்டத்தைச் சுற்றுத் தரையைவிட ஒன்றரை அடியாவது தூக்கச் சொல்வது பொதுவான கணக்கு. தறி வைப்பவர்கள் முடிந்தால் மூணு அடி தூக்குங்கள். குழியின் அடி தெரு மட்டத்துக்கே வந்துவிடும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

* குழியைச் செங்கல்லில் கட்டாமல், கம்பி கட்டி கான்கிரீட்டில் தொட்டி மாதிரி போடுங்கள். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை பங்கு மணல், மூணு பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணி வேண்டாம். தண்ணி ஜாஸ்தி ஊற்றினால் வேலை சுலபம், ஆனால் கான்கிரீட் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

* தரை போடும்போதே சுவரையும் நாலு அங்குலம் சேர்த்து எழுப்பிவிட வேண்டும். மூலையில் சந்து விழாது. குழிக் கம்பியை வீட்டுத் தரைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நல்லா அடைத்த காலித் தொட்டி தண்ணியில் மிதக்கப் பார்க்கும்.

* தண்ணி தடுக்கும் பூச்சை வெளிப்பக்கம், மண் மூடுவதற்கு முன்னால் ரெண்டு கை அடிக்க வேண்டும். அப்போது தண்ணி தள்ளத் தள்ள பூச்சு சுவரோடு ஒட்டும், பெயராது.

* குறைந்தது ஏழு நாள் நனையுங்கள். மண் மூடும் முன்னால் குழியில் தண்ணி நிரப்பிக் கோடு போட்டு ரெண்டு நாள் விடுங்கள். கோடு இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

வடிகால் இல்லாமல் வேலை முடியாது

எவ்வளவு அடைத்தாலும் தண்ணிக்கு ஒரு போக்கிடம் வேண்டும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி வெளியே பள்ளம் எடுத்து, ஓட்டை போட்ட பிவிசி பைப்பைத் துணி சுற்றி வைத்து, மேலே ஜல்லி கொட்டலாம். எட்டு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு இருந்தால் தண்ணி தானாக ஓடும்.

எங்கே ஓடும் என்பதுதான் கேள்வி. தெருக் கால்வாய் குழியின் அடியைவிட மேலே இருந்தால் தண்ணி ஏறிப் போகாது. அதற்கு வீட்டுக்கு வெளியே உறை இறக்கி, அதில் சேர்த்து, அரை ஹெச்.பி. மோட்டாரில் இறைக்க வேண்டும். 5க்கு 3 குழியில் ஒரு அடி தண்ணி என்றாலே 400 லிட்டருக்கு மேல். 10 லிட்டர் வாளியில் 40 தடவை! ராத்திரி முழுக்க யார் இறைப்பது? ஈரத்தில் மோட்டார் ஓட்டுபவர்கள் ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்சைக் கட்டாயம் மாட்டுங்கள். வெறும் ஒயரை பிளக்கில் சொருகுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல திட்டம்தான். ஆனால் மொட்டை மாடித் தண்ணியை இறக்குகிற குழியைத் தறி இருக்கிற சுவரை ஒட்டியே எடுத்தால் என்ன ஆகும்? மாடித் தண்ணி முழுக்கத் தறிக்குழிக்கே வரும். இடம் இருக்கிறவரைக்கும் எட்டத் தள்ளி, பத்தடிக்கு அந்தப் பக்கம் எடுங்கள். கக்கூஸ் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

அரசு வீட்டில் தறிக்கு இடம் உண்டா?

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊராட்சிகளில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். குடியிருக்க வீடு சரி. ஆனால் நெசவாளிக்கு வீடுதான் பேக்டரி. அதே 360 அடிக்குள் சமையலும் படுக்கையும் போக, தறியும் நிற்க வேண்டும்.

எனவே கைத்தறித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் உட்கார்ந்து பேச வேண்டும். நெசவாளி வீட்டுக்கு என்று உயரமான பேஸ்மட்டமும் கான்கிரீட் தறிக்குழியும் சேர்ந்த ஒரு பிளான், அதற்குத் தகுந்த கூடுதல் தொகை. இது பெரிய செலவு இல்லை. மழைக்கு மழை நிவாரணம் கேட்டு மனு கொடுப்பதும், அதை வாங்கி அடுக்குவதும் மிச்சம்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, உலகம் முழுக்கப் பேர் இருக்கிறது. அந்தப் பட்டை நெய்கிற கால் நனையாமல் இருக்க ஒரு குழி இல்லை என்றால் அந்தப் பேரால் என்ன லாபம்?

அதிகாரிகள் செய்வது செய்யட்டும். வெயில் காலத்தில் அஸ்திவாரம் போடுபவர்கள் மேஸ்திரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐப்பசி மழைக்கு இந்தக் குழித் தண்ணி எந்தப் பக்கம் போகும்?" பதில் வந்த பிறகு கடப்பாரையைத் தூக்கட்டும்!