வாங்கியதை விற்றால் குற்றமா?

மொத்த விலைக் கடையில் சோப்பும் எண்ணெயும் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து ஊரில் வைத்து விற்கலாமா? திருவையாறு, பாபநாசம் பக்கத்துச் சிறு மளிகைக்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் உண்டு. 'மறுவிற்பனைக்கு அல்ல' என்று எங்காவது ஒரு வரியைப் பார்த்துவிட்டால் பயம் இன்னும் கூடிவிடும்.

பயப்பட வேண்டியதில்லை. காசு கொடுத்து முறையாக வாங்கிய சரக்கு வாங்கியவருக்குச் சொந்தம். அதை விற்கவும் அவருக்கு உரிமை உண்டு. கம்பெனி தன் பிராண்டைக் காட்டி அதைத் தடுக்க முடியாது என்கிறது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 30ஆவது பிரிவு. பொருளின் தன்மையை மாற்றினாலோ கெடுத்தாலோ கம்பெனி கேள்வி கேட்கலாம். மறுவிற்பனை கூடாது என்று கடை போடும் நிபந்தனை, கடைக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம். மீறினால் உறுப்பினர் அட்டை போகலாம், போலீஸ் வராது.

2003இல் பெங்களூரில் மெட்ரோ திறந்தது போன்ற அந்நிய முதலீட்டு மொத்தக் கடைகளில் கதையே வேறு. வியாபாரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே விற்க வேண்டும் என்பதுதான் அவற்றுக்கான விதி. அங்கே மறுவிற்பனைக்காரர்தான் முறையான வாடிக்கையாளர். வீட்டுக்கு வாங்கப் போகிறவர்தான் விதிக்கு வெளியே நிற்கிறார். அமெரிக்காவின் மொத்த விலைக் கடையான காஸ்ட்கோவே ஒருமுறை மறுவிற்பனை வழக்கில் மாட்டியது. வெளிநாட்டுச் சந்தைக்கென்று போன ஒமேகா கைக்கடிகாரங்களை இடைத்தரகர் வழியாக வாங்கி மலிவாக விற்றது. 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்து நின்றது. தாய்லாந்து மாணவர் ஒருவர் தன் நாட்டில் மலிவாகக் கிடைத்த பாடப்புத்தகங்களை அமெரிக்காவில் விற்ற வழக்கில், 2013இல்தான் வாங்கியவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

நம் ஊர்க் கடைக்காரர் உண்மையில் மாட்டிக்கொள்வது லேபிளில். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. அந்த விலையைச் சுரண்டவோ மேலே ஸ்டிக்கர் ஒட்டிக் கூட்டவோ கூடாது. நாலு சோப்பு சேர்ந்த கட்டில் விலையும் எடையும் வெளியுறையில் மட்டும் இருந்தால், பிரித்து ஒவ்வொன்றாக விற்க முடியாது. அரிசியில் இன்னும் ஒரு சூட்சுமம். லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி. கடைகளில் திடீரென்று 26 கிலோ மூட்டை முளைத்தது அதனால்தான். அந்த மூட்டையைப் பிரித்து வாடிக்கையாளர் கண்ணெதிரே எடைபோட்டுக் கொடுத்தால் சில்லறை வியாபாரம், அவ்வளவுதான். அதையே ஐந்து கிலோ பைகளில் முன்கூட்டியே கட்டி அடுக்கினால் நீங்கள் பொட்டலமிடுபவர் ஆகிறீர்கள். உங்கள் பெயர், முகவரி, எடை, மாதம், விலை எல்லாம் பை மேல் இருக்க வேண்டும்.

காவிரி டெல்டாவில் மறுவிற்பனை நிஜமாகவே குற்றமாவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று ரேஷன் அரிசி. 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கும் இந்த அரிசி அட்டைதாரரின் வீட்டு உலைக்கு உரியது. அதை வாங்கிச் சேர்த்து மாவு மில்லுக்கோ மாநில எல்லைக்கு அப்பாலோ அனுப்பினால் 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் பாயும். சரக்கும் வண்டியும் பறிமுதல். ஏழு ஆண்டு வரை சிறை.

மற்றது நெல். களத்து மேட்டில் விவசாயி வியாபாரிக்கு நெல் போடுவது குற்றமல்ல. வியாபாரி அதை அரிசி ஆலைக்கு விற்பதும் குற்றமல்ல. அதே நெல்லை அவர் இன்னொருவரின் சிட்டா அடங்கலைக் காட்டி, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையத்தில் போடும்போதுதான் மோசடியாகிறது. அங்கே தரும் ஆதரவு விலையும் ஊக்கத்தொகையும் பயிரிட்டவருக்கு மட்டுமே. வியாபாரியை மட்டும் திட்டி என்ன பயன்? நிலையம் திறக்கத் தாமதமாகி, குவித்த நெல் மழையில் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினால், கைக்காசுக்கு அலையும் சிறு விவசாயி வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான் செய்வார். ஆனால், பழக்கத்துக்காகச் சிட்டா அடங்கலை வியாபாரியிடம் இரவல் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கொள்முதல் பதிவில் வியாபாரியின் பெயர் இருக்காது, அவர்கள் பெயர்தான் இருக்கும்.