நடைவண்டியிலேயே அயன்மொழியா?

ஒரு மொழியின் வாழ்வும் தாழ்வும் பல்கலைக்கழகங்களிலும் சட்டமன்றங்களிலும் முடிவு செய்யப்பெறுவதாகப் பலர் எண்ணியிருக்கின்றனர். அம் முடிவு அதற்கு நெடுநாள் முன்னரே, குழந்தையின் மூன்றாம் அகவைக்கும் ஆறாம் அகவைக்கும் இடையில், சிற்றூரின் ஒரு சிறு கட்டடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சிறார் நடுவில் செய்யப்பெற்று விடுகின்றது. தான் பேசும் மொழியே அறிவுக்கும் உரிய மொழி என்று அங்கே ஒரு குழந்தை உணருமாயின், பின்னர் எத்தனை மொழிகளையும் அஃது அச்சமின்றிக் கற்கும். தாய் பேசும் மொழி வீட்டோடு சரி, கல்விக்கு வேறு மொழி உண்டு என்று உணருமாயின், பிறகு எத்தனை தமிழ் மாநாடுகள் கூட்டினும் அவ் வடு மாறாது.

ஆகவே, மழலையர் கல்வியையும் பேணுகையையும் வலுப்படுத்தப் போவதாக ஓர் அரசு அறிவிக்கும்பொழுது, எவ்வளவு பணம் என்று மட்டும் கேட்டு அமைதல் தமிழர்க்குப் போதாது. எந்த மொழியில்? யார் கையால்? இவ் விரு வினாக்களுக்கும் விடை பெற்றாக வேண்டும்.

சோறிட்ட நாடு

இத்துறையில் தமிழகம் பின்தங்கிய நாடன்று. 1920-இல் நயன்மைக் கட்சிக் காலத்திலேயே சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கப்பெற்றது. 1956-இல் காமராசர் ஆட்சி அதனை நாடு முழுமைக்கும் விரித்தது. நடுவணரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 1975 அக்தோபர் 2-ஆம் நாள் இந்தியா முழுவதும் வெறும் 33 ஒன்றியங்களில் வெள்ளோட்டமாகத் தொடங்கிற்று. 1980-இல் உலக வைப்பகத்தின் கடனுதவியோடு தமிழகத்தில் தொடங்கிய ஊட்டத் திட்டம், மூன்று அகவைக்குட்பட்ட குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை தளர்ந்த குழந்தைக்குக் கூடுதல் உணவு தந்து தேற்றும் முறையைக் கையாண்டது. 1982 சூலை 1-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் ம.கோ. இராமச்சந்திரன் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், இரண்டு அகவை நிரம்பிய சிற்றூர்க் குழந்தைகளுக்கும் இலையிட்டது. இவற்றின் வழிவந்தவையே துறைக் குறிப்புகள் காட்டும் 54,439 குழந்தை மையங்கள். அவற்றுள் 49,499 முதன்மை மையங்கள், 4,940 குறுமையங்கள்.

இஃது எளிய செயலன்று. உழவுக் கூலியின் பிள்ளையும், சிறு கடைக்காரரின் பிள்ளையும், குலம் கேட்காத ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்ணும் இடம் அது. தமிழ்ச் சிற்றூர்களில் அத்தகைய இடங்கள் மிகச் சில. தொட்டிலைக் கட்டிய பெருமை தமிழக ஆட்சிகள் பலவற்றுக்கும் உண்டு; அதனை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் வயிற்றுக்குச் சோறிட்ட அக் கை, செவிக்கு என்ன இட்டது என்பதே இங்கே கேள்வி.

பெயரிலேயே தொடங்கும் பிழை

அம் மையத்தின் பெயரை எடுத்துக்கொள்க. ‘அங்கன்வாடி’ என்பது முற்றத்தைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லினின்று பிறந்தது. அதற்கு முன் வழங்கிய ‘பால்வாடி’யும் அத்தகையதே. அதிலுள்ள ‘பால்’ குழந்தையைக் குறிப்பது; தமிழ்ச் செவியோ அதனைக் கறந்த பாலாகவே கொள்ளும்! பொருள் தெரியாத பலகையின் கீழ்த் தமிழ்க் குழந்தை இரண்டு தலைமுறையாக நுழைந்துகொண்டிருக்கின்றது.

அச் சொற்களைப் படைத்தோரைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களிடம் கற்கவேண்டியது பெரிது. கிசுபாய் பதேகா 1920-இல் குசராத்தின் பவநகரில் குழந்தைப் பள்ளி நிறுவியபொழுது, இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரியின் முறையை எடுத்துக்கொண்டார், மொழியை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பள்ளி குசராத்தியில் நடந்தது. அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக்கு, 1945-இல் மராட்டியக் கடற்கரைச் சிற்றூராகிய போர்டியில் ஏழைக் குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கி, விலைமிகுந்த அயல்நாட்டுக் கருவிகளைத் தவிர்த்து, ஊரில் கிடைத்த பொருள்களைக் கொண்டே கற்பித்தார். அவர்கள் தத்தம் மொழியில் தத்தம் பள்ளிக்குப் பெயரிட்டனர். தமிழகம் முறையைக் கற்றிருக்க வேண்டும். பெயரை மட்டும் இறக்கிக்கொண்டது.

இன்றைய நடுவணரசோ இப் பிழையைக் கொள்கையாகவே ஆக்கிவிட்டது. 2023-இல் வந்த மழலையர் கல்வித் திட்டத்துக்குப் ‘போசண் பீ படாயீ பீ’ என்று பெயர். ஊட்டமும் படிப்பும் என்பது பொருளாம். 2024-இல் பிறப்பு முதல் மூன்று அகவை வரைக்கும் வகுத்த சட்டகம் ‘நவசேதனா’. மூன்று முதல் ஆறு வரைக்கும் வகுத்த பாடத்திட்டம் ‘ஆதார்சிலா’. தாய்மொழியிலேயே குழந்தைக்குக் கற்பிக்கவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் மழலையர் கல்விக் கொள்கையும் 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும் உரைக்கின்றன. அவ்வுரையைத் தாங்கி வரும் தாள்களின் நெற்றியில் இந்தியும் சமற்கிருதமும்! தாய்மொழிக் கல்வி பேசும் அரசுக்குத் தமிழ்த்தாயின் மொழியில் ஒரு பெயரிட மனம் வரவில்லை.

சட்டம் எட்டாத மூன்றாண்டுகள்

2002-இல் செய்யப்பெற்ற 86-ஆம் அரசமைப்புத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு அகவை வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறு அகவைக்குட்பட்ட குழந்தையையோ 45-ஆம் பிரிவில், முறைமன்றத்தில் கேட்டுப் பெறவியலாத வழிகாட்டு நெறியாக ஒதுக்கிவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 11-ஆம் பிரிவில், மூன்று அகவை கடந்த குழந்தைக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றது. ‘செய்தல் வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் இடைவெளியில் நுழைந்தவையே தெருத்தோறும் முளைத்துள்ள ஆங்கில மழலைப் பள்ளிகள்.

தமிழகச் சட்டத்திலும் இதே ஓட்டை உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்துதான் தமிழைக் கட்டாயமாக்குகின்றது. முதல் வகுப்புக்கு வந்து சேரும் தனியார் பள்ளிக் குழந்தை அதற்கு முன்னரே ஈராண்டோ மூன்றாண்டோ ஆங்கிலத்தில் பழகிவிடுகின்றது. வேரில் வெந்நீர் ஊற்றியபின் கிளைக்கு வேலியிடுவது போன்றது இது.

பயிற்றுமொழியைச் சட்டத்தால் காக்க முயன்ற வரலாறும் கசப்பானதே. தமிழறிஞர் உண்ணாநோன்பிருந்து போராடிய 1999-ஆம் ஆண்டில், தொடக்கக் கல்வியில் தமிழைப் பயிற்றுமொழியாக்கும் நோக்கில் பிறந்த அரசாணையை, 2000-இல் சென்னை உயர் முறைமன்றம் நீக்கிற்று. தனியார் பள்ளிகள்மேல் தாய்மொழி வழியைத் திணிக்க அரசுக்கு உரிமையில்லை என்று கருநாடக வழக்கில் 2014-இல் உச்ச முறைமன்றமும் தீர்ப்பளித்தது. ஆயின் அத் தீர்ப்புகள் தனியாரைப் பற்றியனவே. தன் சொந்த மையங்களில் தமிழை அரியணை ஏற்ற அரசை எந்த முறைமன்றமும் தடுக்கவில்லை. அங்கே அரசு செய்தது என்ன?

அரசே திறந்த வாயில்

2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பெற்றன. 2019 சனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 குழந்தை மையங்களில் எல்.கே.சி., யு.கே.சி. என்னும் வகுப்புகள் திறக்கப்பெற்றன. ஏழைக் குழந்தைக்கும் மழலைக் கல்வி வேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் கீழ் மழலை வகுப்பு, மேல் மழலை வகுப்பு என்று சொல்லவும் நாணி, ஆங்கில எழுத்துகளையே பெயராகச் சூட்டியதன் வழியாக அரசு மக்களுக்குச் சொன்ன செய்தி ஒன்றே: ‘தனியார் தருவதே கல்வி; அதனை இங்கே கட்டணமின்றித் தருகின்றோம்.’

2022 சூன் திங்களில் அவ் வகுப்புகளை மூடப்போவதாக அறிவிப்பு வந்ததும், எதிர்ப்பெழுந்து தொடரப்போவதாக மறு அறிவிப்பு வந்ததும் பலரும் அறிந்ததே. வகுப்புகள் மீண்டன, கற்பிக்க வந்தோருக்குக் கிடைத்தது தற்காலிகப் பணியும் திங்களுக்கு 5,000 உருபா மதிப்பூதியமும். மழலைக் கல்வியின் தகுதியை அரசு எவ்வளவாக அளந்திருந்தது என்பதற்கு அத் தொகையே சான்று.

அன்னையைப் பழிப்பதா?

இவ்விடத்தில் தமிழன்பர் பலர் ஒரு தவற்றில் விழுவர். பிள்ளைக்குக் கழுத்துப்பட்டி கட்டி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத்தாயை ‘அடிமை மனத்தினள்’ என்று ஏசுவர். அஃது அறமாகாது. அவள் கண்முன் உள்ள உலகைப் பார்த்தே முடிவு செய்கின்றாள். பெரிய வேலைகளுக்கு ஆங்கிலமே வாயிலாக நிற்கின்றது. சென்னை உயர் முறைமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டும் என்று 2006-இல் சட்டமன்றமே தீர்மானம் இயற்றியும் நடுவணரசு இசையவில்லை. தமிழுக்குப் பயன் உண்டு என்று அரசு காட்டாதவரை, தமிழுக்குப் பெருமை உண்டு என்று மேடையில் சொல்வது அவள் பிள்ளையின் வயிற்றை நிரப்பாது. குற்றம் கதவை அமைத்தவர்களுடையது. அதன் வழியே நுழைபவளுடையதன்று.

ஆனால் அவளிடம் ஒன்றை எடுத்துச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாகப் பின்னர்க் கற்பது வேறு. அறிவின் முதல் வாயிலாக மூன்று அகவையில் அதனை வைப்பது வேறு. ல, ள, ழ வேறுபாட்டைச் செவி பற்றிக்கொள்ளும் பருவம் அது. ‘ஏன்? எப்படி?’ என்று ஓயாது கேட்கும் பருவமும் அதுவே. பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளைப் பங்கிட்டு ஆடும் குழந்தை கூட்டலையும் கழித்தலையும் வாய்மொழியோடு சேர்த்துக் கற்றுவிடுகின்றது. அக் குழந்தையைப் பொருள் விளங்காத ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்க வைத்தால், அது வினவுவதை நிறுத்திவிட்டு ஒப்பிக்கத் தொடங்கும். அத்தாய் பணம் கொடுத்து வாங்குவது பிள்ளையின் ஊமைத்தனத்தை.

மாவோரியர் கட்டிய மொழிக்கூடு

ஆங்கிலத்தின் வாயில் ஏறத்தாழ முழுமையாக அகப்பட்ட ஒரு சிறு மக்களினம் தன்னை மீட்கத் தொடங்கிய இடமும் மழலைப் பள்ளியே. நியூசிலாந்தின் மாவோரியர், தம் மொழியைப் பேசுவோர் முதியோராக மட்டும் எஞ்சிய நிலையில், 1982-இல் தலைநகர் வெலிங்டனுக்கு அருகில் முதல் ‘மொழிக்கூட்டை’த் திறந்தனர். பாட்டனும் பாட்டியும் குழந்தைகளோடு உட்கார்ந்து மாவோரி மொழியிலேயே பேசினர், பாடினர், உண்பித்தனர். 1994 அளவில் அக் கூடுகள் ஏறத்தாழ 800. குழந்தைகள் ஏறத்தாழ 14,000. 1987-இல் அம்மொழி ஆட்சிமொழியாகவும் சட்டமாயிற்று. மொழியில்லாத இடத்தில் அவர்கள் கூடு கட்டினர். தமிழகத்திலோ ஐம்பத்து நாலாயிரம் கூடுகள் கட்டப்பெற்றே உள்ளன. குஞ்சுகளும் தமிழோடுதான் வருகின்றன. அத் தமிழைக் காத்து வளர்ப்பதொன்றே எஞ்சிய பணி.

யார் கையால்?

அப் பணியைச் செய்யவேண்டியவர் மையத்துப் பெண்டிர். எடை நிறுப்பதும், கருவுற்ற தாய்மாரைக் காண்பதும், தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வதும், உணவைக் கணக்கிடுவதும், 2021 முதல் அனைத்தையும் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவதும் அவர் தலைமேல். எஞ்சும் நேரத்தில்தான் கல்வி! 2006-இல் உச்ச முறைமன்றம் இவர்களை அரசுப் பணியாளர் அல்லர் என்றது. 2022-இல் பணிக்கொடைக்கு உரியர் என்று ஒப்பிற்று. 2018-இல் நடுவணரசு உறுதிசெய்த மதிப்பூதியம் பணியாளர்க்கு 4,500 உருபா. உதவியாளர்க்கு 2,250 உருபா. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்தே அவர்கள் வாழ்கின்றனர். ஒரு தலைமுறையின் நாவையும் மூளையையும் உருவாக்குபவரை ஊழியக்காரராக நடத்தும் நாடு மழலைக் கல்வியைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கின்றது.

செய்யவேண்டுவன

1. தமிழ் கற்றல் சட்டத்தைத் திருத்தி, மூன்று அகவை முதற்கொண்டே அனைத்து மழலைப் பள்ளிகளிலும் தமிழுக்குக் கட்டாய இடம் தரவேண்டும்.

2. அரசுக் குழந்தை மையங்களில் பேச்சும் பாட்டும் விளையாட்டும் முழுமையாகத் தமிழிலேயே நிகழவேண்டும். பிறமொழி பேசும் குழந்தைகளுக்கு அவரவர் தாய்மொழியில் அவ்வுரிமை வேண்டும்.

3. மையத்துக்கும் வகுப்புக்கும் திட்டத்துக்கும் தமிழ்ப்பெயர் சூட்டவேண்டும். ‘மழலை முற்றம்’ என்றால் எந்தப் பாட்டிக்கும் விளங்கும்.

4. கல்விக்கெனத் தனிப் பணியாளர் ஒருவரை மையந்தோறும் அமர்த்தி, முறையான பயிற்சியும் நிலையான ஊதியமும் தரவேண்டும்.

5. கூலிவேலைக்குச் செல்லும் தாய்மாரின் பணிநேரத்துக்கேற்ப மையம் திறந்திருக்கவேண்டும். 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கிய 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், களத்துமேட்டுத் தாய்க்கு எட்டவில்லை.

இவற்றுள் எதுவும் நடவாததன்று. சோற்றுக்கு வழி கண்ட நாட்டுக்குச் சொல்லுக்கு வழி காண்பது அரிதாகாது. அரசு தானே செய்யும் என்று காத்திருத்தலும் தமிழர்க்கு அழகன்று. ஒவ்வோர் ஊரிலும் தமிழன்பர் தம் தெருவின் குழந்தை மையத்துக்குள் சென்று பார்க்கட்டும்: அங்கே சுவரில் என்ன எழுதியிருக்கின்றது, குழந்தைகள் எதைப் பாடுகின்றனர், கற்பிக்கும் அம்மைக்கு ஊதியம் எப்பொழுது வந்தது என்று கேட்டறியட்டும், ஊராட்சிக் கூட்டத்தில் எழுப்பட்டும். தமிழ் தழைக்கவேண்டும் என்று முழங்கும் வாய், முதலில் நான்கு அகவைக் குழந்தையோடு உட்கார்ந்து ஒரு தமிழ்க்கதை சொல்லட்டும்.