ஆளில்லா வாகனத்துக்குள் இருந்தவர்கள்

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவன் ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். “டெத் நோட் பாத்துட்டீங்க, அட்டாக் ஆன் டைட்டன் பாத்துட்டீங்க, இன்னும் எயிட்டி சிக்ஸ் பாக்கலன்னா எப்படிக்கா?” ரோபோ சண்டை என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். அதனால்தான் தள்ளிப்போட்டேன். போன மாதம் மூன்றே இரவில் 23 எபிசோடையும் முடித்துவிட்டு அவனுக்கு மன்னிப்பு மெசேஜ் அனுப்பினேன்.

(பார்க்காதவர்களுக்கு: கதையைச் சொல்லித்தான் பேசப்போகிறேன். ஸ்பாய்லர் பிடிக்காத தோழர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

அசாடோ அசாடோ எழுதி 2017 முதல் வெளிவந்த லைட் நாவல் வரிசைதான் மூலம். ஏ-1 பிக்சர்ஸ் தயாரிப்பில், தோஷிமாசா இஷி இயக்கத்தில் 2021 ஏப்ரலில் அனிமே தொடங்கியது. கடைசி இரண்டு எபிசோடுகள் தள்ளிப்போய் 2022 மார்ச்சில்தான் வந்தன. இசை ஹிரோயுகி சவானோவும் கோஹ்தா யமமோட்டோவும். சண்டைக் காட்சிகளுக்காகவே பார்க்கிறவர்களுக்கும் குறை இருக்காது. நான்கு கால் எந்திரங்கள் பூச்சி மாதிரி ஓடி, கம்பி வீசித் தொங்கி, பீரங்கிக் குண்டுக்கு நூலிழையில் தப்பிக்கும். அவற்றின் கவசம் தகரம் போன்ற மெல்லிய அலுமினியம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ஒவ்வொரு சண்டையும் வயிற்றைக் கலக்கும்.

சான் மக்னோலியா என்று ஒரு குடியரசு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம், நீதி, மாண்பு என்று கொடியிலேயே ஐந்து கொள்கைகள். எல்லையில் ‘லீஜன்’ என்ற எதிரி எந்திரப் படையோடு ஒன்பது ஆண்டுகளாகப் போர். ஆனால் குடியரசு ஓர் உயிரைக்கூட இழக்கவில்லை என்று தொலைக்காட்சி தினமும் சொல்கிறது. ஏனென்றால் அவர்கள் அனுப்புவது ‘ஆளில்லா’ போர் எந்திரங்களைத்தானே! மதிலுக்குள் 85 மாவட்டங்கள். அதிகாரபூர்வமாக 86 என்று ஒன்று கிடையாது. போர் தொடங்கியதும் வெள்ளி நிற முடியும் கண்ணும் உள்ள ஆல்பா இனத்தவர், மற்ற நிறத்தவர் அத்தனை பேரின் குடியுரிமையையும் பறித்து, மதிலுக்கு வெளியே முகாம்களில் அடைத்து, அவர்களையே அந்த எந்திரங்களில் உட்காரவைக்கிறார்கள். சட்டப்படி அவர்கள் மனிதர்கள் இல்லை. எனவே எந்திரத்துக்குள் ஆள் இல்லை. எனவே சாவு பூஜ்யம். ஓட்டுகிற பிள்ளைகளுக்கு ‘ப்ராசஸர்’ என்று பெயர், கம்ப்யூட்டர் பாகத்துக்கு வைப்பதுபோல. தலைநகரில் உட்கார்ந்து அவர்களுக்கு உத்தரவு போடுகிற அதிகாரிக்கு ‘ஹேண்ட்லர்’, அதாவது மிருகத்தைப் பழக்குகிறவர்.

இதைப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மக்களவையில் ஒன்றிய அரசு ஒரு கணக்குச் சொன்னது. பாதாளச் சாக்கடையையும் மலக்குழியையும் சுத்தம் செய்தபோது முந்தைய ஐந்து ஆண்டுகளில் 340 பேர் இறந்திருக்கிறார்கள் என்று. அதே ஆண்டு ஜூலையில், கையால் மலம் அள்ளுவதால் ஒரு மரணம்கூடப் பதிவாகவில்லை என்று மாநிலங்களவையில் அதே அரசு பதில் சொன்னது. இரண்டும் எப்படிச் சரியாகும்? 2013 சட்டத்தில் ‘கையால் மலம் அள்ளுதல்’ ஒரு வரையறை, சாக்கடைக்குள் இறங்குவது ‘ஆபத்தான சுத்திகரிப்பு’ என்று வேறொரு வரையறை. செத்தவரை இந்தப் பத்தியிலிருந்து அந்தப் பத்திக்கு நகர்த்தினால் இங்கே பூஜ்யம் வந்துவிடும். எங்கோ ஜப்பானில் மேசையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதியவருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பிடிபட்டது என்று தெரியவில்லை.

அனிமே குழுக்களில் ‘ஜப்பான்ல ஜாதியெல்லாம் இல்ல’ என்று சொல்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தோல், இறைச்சி, பிணம் சார்ந்த வேலைகளுக்காக ஒதுக்கப்பட்ட புராகு மக்கள் அங்கே உண்டு. 1871இல் சட்டப்படி அந்தப் பாகுபாட்டை ஒழித்தார்கள். அதற்கு 50 ஆண்டுகள் கழித்தும் போராட வேண்டியிருந்ததால்தான் 1922இல் அவர்கள் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா அமைப்பைத் தொடங்கினார்கள். புராகு ஊர்களின் முகவரிப் பட்டியலை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கி, வேலைக்கு ஆள் எடுக்கும்போது வடிகட்டியது 1975இல் அம்பலமானது. 86 இவர்களைப் பற்றிய கதை என்று நான் சொல்லவில்லை. பிறப்பை வைத்து ஆளைப் பிரிக்கிற பழக்கம் அந்த மண்ணுக்கும் அந்நியம் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, லேனாவுக்கு வருவோம். ஆல்பா இனத்து இளம் அதிகாரி. நல்லவள். சக அதிகாரிகள் குடித்துவிட்டுக் கிடக்க, இவள் மட்டும் ஒவ்வொரு இரவும் அந்தப் பிள்ளைகளுடன் ஒலித்தொடர்பில் பேசுகிறாள், அவர்களும் மனிதர்கள்தான் என்று வாதாடுகிறாள். மூன்றாவது எபிசோடில் கையே என்ற பெண் சாகிறாள். லேனா வருத்தம் தெரிவிக்கிறாள். அப்போது தியோ என்ற பையன் வெடிக்கிறான். நீ எங்களில் ஒருவர் பெயரையாவது கேட்டிருக்கிறாயா என்று. அவள் கேட்டதே இல்லை. இத்தனை நாளும் எந்திரத்துக்கு வைத்த சங்கேதப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அங்கே வீடியோவை நிறுத்திவிட்டேன். சமூகப் பணியில் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. என் பழைய அறிக்கைகளில் ‘பயனாளிகள்: 42’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்த 42 பேரில் எத்தனை பேர் பெயர் எனக்கு இப்போது ஞாபகம் இருக்கிறது? அதிலும் நான் அதே சேரியிலிருந்து வந்தவள். ஆகவே, ‘லேனா மாதிரி ஆதிக்க சாதி நண்பர்களுக்கு நல்ல பாடம்’ என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. படித்து, சம்பளம் வாங்கி, லேப்டாப் முன் உட்கார்ந்த நாளில் நாமும் பாதி ஹேண்ட்லர் ஆகிவிடுகிறோம்.

நான்காவது எபிசோடில் லேனா மன்னிப்புக் கேட்கிறாள், பெயர்களைக் கேட்கிறாள். அவர்கள் ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். பின்னணியில் பெரிய இசை இல்லை, யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. அந்தப் படையின் தலைவன் ஷின், செத்த தோழர்களின் எந்திரத்திலிருந்து ஒரு துண்டு உலோகத்தை வெட்டி, அதில் பெயரைப் பொறித்து வைத்துக்கொள்வான். எண்பத்தாறுகளுக்குக் கல்லறை வைக்க அனுமதி கிடையாது. தூக்கிச் செல்லும் பெட்டிதான் கல்லறை.

இரண்டாம் பாதியில் தப்பிப் பிழைத்த ஐந்து பேர் கியாத் என்ற கூட்டாட்சி நாட்டுக்குப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே எல்லோரும் அன்பானவர்கள். வீடு, சாப்பாடு, பள்ளிக்கூடம், அத்தோடு ‘ஐயோ பாவம்’ என்ற பார்வை. அந்தப் பார்வை தாங்காமல் ஐவரும் மறுபடி போர்முனைக்கே போகிறார்கள். கல்லூரியில் ‘ஸ்காலர்ஷிப் பிள்ளை’ என்று தோளைத் தட்டிய பேராசிரியர் யாருக்காவது இருந்தால் இந்தப் பகுதி புரியும்.

எனக்குக் கோபம் வந்த இடமும் இங்கேதான். ஷின்னின் குடும்பப் பெயர் நௌசென். அது பழைய பேரரசின் பேர்பெற்ற போர்வீரப் பிரபுக் குலத்தின் பெயர் என்று தெரியவருகிறது. அட, இங்கேயும் ரத்தமா? ஊரே ஒதுக்கிவைத்த நருடோ கடைசியில் நான்காம் ஹோகாகேயின் மகன் என்று ஆனபோது எப்படிச் சலித்ததோ அதே சலிப்பு. ஒடுக்கப்பட்டவன் திறமைசாலியாக இருந்தால் அவன் பாட்டன் யாரோ ராஜாவாக இருந்தே தீர வேண்டுமா? ரைடனும் அஞ்சுவும் குரேனாவும் தியோவும் எந்தப் பிரபு வம்சத்தின் பெயரையும் காட்டாமலேதான் அதே போரில் பிழைத்து நிற்கிறார்கள். கதை அவர்கள் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். “ஷின் அதைப் பத்திக் கவலைப்படவே இல்லையேக்கா” என்றான். அது உண்மைதான். ஆனால் எழுத்தாளர் கவலைப்பட்டிருக்கிறாரே என்றேன். இன்னும் சண்டை முடியவில்லை. வரும் ஞாயிறு மாலை மையத்தில் முதல் நான்கு எபிசோடும் போடுகிறோம். புரொஜெக்டர் கிடைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு சப்டைட்டிலைத் தமிழில் சொல்ல இரண்டு பேர் வேண்டும். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், பெயரோடு.