பேச்சு தானே வரும் என்று காத்திருக்கலாமா?

குமரகுருபர சுவாமிகளின் வரலாற்றைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் அரிது. திருவைகுண்டத்தில் பிறந்த அக்குழந்தை ஐந்தாண்டு வரை வாய் பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் பேசும் ஆற்றல் பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. பள்ளியில் பெயர் பதிய வரும் பிள்ளை தெளிவாகப் பேசவில்லையே என்று நாம் வினவினால், உடன் வந்த பாட்டியோ தாத்தாவோ இவ்வரலாற்றைத்தான் எடுத்துரைக்கின்றனர். "அவரே ஐந்து வயது வரைக்கும் பேசவில்லையே ஐயா, நம்ம பையனுக்கும் வந்துவிடும்" என்பர். பத்துமலைக்கு நேர்ந்துகொண்டிருப்பதாகவும் கூறுவர்.

வேண்டுதலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், அவ்வரலாற்றில் ஒரு பகுதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். அக்குழந்தையின் பெற்றோர் தானே வரும் என்று வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குச் சென்று, அங்கேயே தங்கி வழிபட்டனர். தம்மால் இயன்றதை அன்றே செய்தவர்களை, ஒன்றும் செய்யாதிருப்பதற்குச் சான்றாக அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

நம் நாட்டில் பிள்ளைகள் ஏழு வயதை எட்டும் ஆண்டில்தான் ஆண்டு ஒன்றில் சேர்கின்றனர். பாலர் பள்ளி என்றாலும் ஐந்து, ஆறு வயதாகிவிடுகிறது. ஆகவே, பேச்சில் பின்தங்கிய பிள்ளையை ஆசிரியர் முதன்முதலாகக் காணும்போது, மொழி வேர்விடும் ஆண்டுகளில் பெரும்பகுதி கழிந்துவிட்டிருக்கிறது. எழுத்துக் கூட்ட இயலாமல் விழிக்கும் அப்பிள்ளைக்கு 'மந்தம்' என்னும் பெயரும் வந்து ஒட்டிக்கொள்கிறது. வாய்ச்சொல்லே ஊன்றாத இடத்தில் எழுத்து எங்ஙனம் ஊன்றும்? இக்குறையை மூன்று வயதிற்கு முன்னரே கண்டுகொள்ள வேண்டும்; அதற்குரிய பயிற்சியை வீட்டு மொழியாகிய தமிழிலேயே தொடங்க வேண்டும். இவ்விரண்டையுமே நான் ஈண்டு வலியுறுத்த விரும்புகிறேன்.

பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய படிகள் சில உள்ளன. ஆறு மாதத்திற்கும் ஒன்பது மாதத்திற்கும் இடையில் குழந்தை 'பாபா', 'மாமா' என்று ஒலிகளை அடுக்கத் தொடங்கும். ஓராண்டு நிறையும் வேளையில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும். வேண்டிய பொருளைக் கைநீட்டிக் காட்டும். பொருளுள்ள ஒரு சொல்லேனும் சொல்ல முனையும். பதினெட்டு மாதமாகியும் ஒரு சொல்லும் இல்லையெனில் அதனைப் பொருட்படுத்த வேண்டும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், 'அம்மா வா', 'பால் வேணும்' என்பன போன்ற இருசொல் தொடர்களும் இல்லாத பிள்ளையைத் தாமதமாகப் பேசும் பிள்ளை என்று இத்துறை அறிஞர் வகைப்படுத்துவர். மூன்று வயதில், குடும்பத்தார் அல்லாதவருக்கும் பிள்ளையின் பேச்சில் முக்கால் பங்கு விளங்க வேண்டும்.

அதற்காக, மூன்று வயதுப் பிள்ளை பழத்தைப் 'பயம்' என்றும் ரொட்டியை 'லொட்டி' என்றும் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. ழகரமும் றகரமும் மழலை நாவில் பிந்தியே படியும். (வளர்ந்தோர் நாவிலும் ழகரம் படியாதிருப்பதை அன்றாடம் கேட்டு வருகிறோம், அது வேறு வழக்கு.)

தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளுள் பலர் பின்னர் ஏனையோரை எட்டிப் பிடித்துவிடுகின்றனர் என்பது உண்மையே. பாட்டிமார் சொல்வது முழுவதும் பொய்யன்று. ஆனால், எட்டிப் பிடிக்கப் போகும் பிள்ளை எது, பிடிக்க இயலாத பிள்ளை எது என்று இரண்டு வயதில் எவராலும் உறுதியாகக் கூற இயலாது. வேறு நோய் எதுவும் இல்லாமலே, நூற்றுக்கு ஏழு பிள்ளைகளுக்கு மொழி வளர்ச்சிக் குறை இருப்பதாக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், செவிக்குறை முதலியவற்றால் பேச்சுப் பிந்துவோர் இக்கணக்கில் சேராதவர்.

பேச்சு வரவில்லை என்றதும் நம்மவர் பார்ப்பது நாவைத்தான். வசம்பை உரசி நாவில் தடவுவர். 'நாக்குக் கட்டு' என்பர். நாவின் அடியில் உள்ள தசை இறுகியிருப்பதால் சில ஒலிகள் தடைப்படலாமேயன்றி, மொழியே வராமற் போவதற்கு அது காரணமாவது அரிது. முதலிற் சோதிக்க வேண்டியது செவியை. காதில் விழாத சொல் வாயில் எவ்வாறு வரும்? 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து வெளியான ஓர் ஆய்வு, ஆறு மாதத்திற்குள் செவிக்குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டோரினும் மொழித்திறனில் மேம்பட்டிருந்ததை எடுத்துக்காட்டிற்று. ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் நோயறிதல், ஆறு மாதத்திற்குள் பயிற்சித் தொடக்கம் என்பதே இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ள இலக்காகும். பிறவிச் செவிக்குறை மட்டுமன்று. சளி பிடித்து நடுச்செவியில் நீர் தங்கினாலும் கேள்வி மங்கும். எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு பையனை மற்றப் பிள்ளைகள் 'ஊமை' என்றே அழைத்து வந்தனர். அவன் காதில் அடிக்கடி சீழ் வடிவதுண்டு என்பதை அவன் தாயார் இயல்பாகச் சொன்னார். அதற்கும் பேச்சுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அவருக்கு அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியும் குறைக்கு நாம் இரங்குகிறோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றியது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் உள்ளது. அவ்வட்டார வீதிகளில் வெண்கோல் ஏந்தி வருபவரைக் கண்டால், பூக்கடைக்காரர் முதல் பள்ளி மாணவர் வரை விலகி வழிவிடுகின்றனர். சாலையைக் கடக்கக் கைகொடுக்கின்றனர். பேச்சு வராத பிள்ளையின் கையில் கோல் எதுவும் இல்லை. அவன் அடம்பிடித்தால் வளர்ப்புச் சரியில்லை என்கிறோம். ஒதுங்கியிருந்தால் 'சமர்த்துப் பிள்ளை' என்று பாராட்டுகிறோம். இரண்டாவதே மிகவும் ஆபத்தானது என்பேன். பாராட்டப்படும் குறையை யார் மருத்துவரிடம் கொண்டுபோவார்?

தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்த காலத்தில், தாய்மார் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, பிள்ளைகள் ஆயாவின் பொறுப்பில் வளர்ந்தனர். அக்காலத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் உளர். நான் அவ்வாறு பாட மாட்டேன். இருபது பிள்ளைகளின் கூச்சலுக்கிடையே பேசாத ஒரு பிள்ளை எவர் கண்ணிலும் படாமலே போயிற்று. ஆயினும் அங்குப் பேச்சொலி இருந்தது. தாலாட்டும் விளையாட்டும் வசவும்கூட இருந்தன. இன்று தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிக் குடும்பங்கள் கிள்ளானிலும் காப்பாரிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிவிட்டன. தாயும் தந்தையும் ஷிப்ட் வேலை. பிள்ளையின் கையில் கைப்பேசி. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. திரை பேசும், ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்டு மறுமொழி கூறாது.

உதவி எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு குழந்தைக்கும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு பதிவுப் புத்தகம் தரப்படுகிறது. அதனைத் தடுப்பூசித் தேதிக்காக மட்டும் திறக்கிறோம். வளர்ச்சிப் படிகளும், பதினெட்டு மாதத்தில் ஆட்டிசத்திற்கான அறிகுறிகளைக் கண்டறியும் வினாக்களும் அதில் உண்டு. அவ்வினாக்களுக்கு 'எல்லாம் சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு கோடிடுவது பிள்ளைக்குச் செய்யும் நன்மையன்று. ஐயம் இருப்பின் அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் பெறலாம். கிள்ளான் வட்டாரத்தாருக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. பேச்சுச் சிகிச்சையாளரை உருவாக்கும் பட்டக்கல்வியை 1995இல் நம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியது மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம். அது கோலாலம்பூரில் சிகிச்சை நிலையமும் நடத்தி வருகிறது. அதற்கு முன்னர் இத்துறையைக் கற்க விரும்பியோர் கடல் கடக்க வேண்டியிருந்தது. தனியாரிடம் செல்வோர் ஒன்றைக் கேட்டறிதல் நலம்: 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர் சட்டம் பேச்சுச் சிகிச்சையாளரையும் உள்ளடக்கியுள்ளதால், தாம் நாடும் ஒருவர் பதிவு பெற்றவரா என்று வினவப் பெற்றோருக்கு உரிமையுண்டு.

அரசாங்கத்தில் தேதி கிடைக்க நாளாகும். கிடைத்த பின்னும் வாரத்திற்கு ஒரு மணி நேரம், சில வேளை மாதத்திற்கு ஒரு மணி நேரமே வாய்க்கும். பிள்ளை விழித்திருக்கும் நேரமோ வாரத்தில் எண்பது மணிக்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்தால், சிகிச்சை நடைபெறும் இடம் மருத்துவமனை அன்று, வீடே என்பது புலப்படும். ஊசி, மருந்து எதுவும் இதில் இல்லை. 1975இல் கனடாவின் மொன்றியல் நகரில் அயாலா ஹனன் மனோல்சன் என்னும் பேச்சுச் சிகிச்சையாளர், பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதினும் பெற்றோரைக் குழுவாக அமர்த்திப் பயிற்றுவது பயன் மிகுந்தது எனக் கண்டு, அம்முறையை நடத்தலானார். இன்று பல நாடுகளில் அது பின்பற்றப்படுகிறது.

தமிழர்க்கு நெருக்கமான சான்று வேண்டுமெனில், சென்னையில் 1969இல் தொடங்கப்பெற்ற பால வித்யாலயாவைக் கூறலாம். செவிக்குறையுள்ள பச்சிளங் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் அப்பள்ளியில், தாயும் உடன் அமர்ந்து, பிள்ளைக்கு மொழி ஊட்டும் முறையைக் கற்கிறார். அங்குப் பயின்ற பிள்ளைகள் பலர் பின்னர்ச் சாதாரணப் பள்ளிகளில் சேர்ந்து படிக்கின்றனர்.

முறை எளியது, பொறுமைதான் அரியது. பிள்ளையின் முகத்திற்கு நேராகக் கீழே அமர வேண்டும். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றியே பேச வேண்டும். பேசிவிட்டுச் சற்று வாய் மூடிக் காத்திருக்க வேண்டும்; நம் வீடுகளில் இது எளிதில் நடவாது. அவன் 'பால்' என்றால் 'சூடான பால்' என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். "இது என்ன, சொல்லு, சொல்லு" என்று தேர்வு நடத்துவதும், சொன்னால்தான் பிஸ்கட் என்று பட்டினி போடுவதும் பயனற்றவை. தந்தையரும் இதில் சேர வேண்டும். சிகிச்சைக்குத் தாய் மட்டும் பேருந்தில் பிள்ளையைச் சுமந்து செல்வதும், குறைக்குக் காரணமும் அவரே என மாமியார் வீட்டார் பழிப்பதும் நான் பன்முறை கண்டவை. இக்குறை எவருடைய குற்றமும் அன்று.

இனி, என்னை மிகவும் வருத்தும் செய்திக்கு வருகிறேன். "பிள்ளை குழம்புகிறான், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள்" என்னும் அறிவுரை பெற்றோருக்கு இன்றும் வழங்கப்படுகிறது. அண்டை வீட்டார் சொல்கின்றனர், படித்தவர்களும் சொல்கின்றனர். இதற்கு ஆதாரம் இல்லை. கனடாவில் ஜொஹான் பாரடிஸ் முதலான அறிஞர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மொழிக்குறையுள்ள இருமொழிப் பிள்ளைகளை, அதே குறையுள்ள ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டனர். இரண்டு மொழி கற்றதால் இருமொழிப் பிள்ளைகள் கூடுதலாகப் பின்தங்கிவிடவில்லை. குறை மொழிகளின் எண்ணிக்கையால் வருவதன்று. தமிழை நிறுத்திய வீட்டில் நடப்பது என்ன? ஆங்கிலம் சரளமாக வராத தாய், "கம்", "ஈட்", "ஸ்லீப்" என்னும் மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார். கதை இல்லை, கொஞ்சல் இல்லை. பாட்டி பேசவே அஞ்சுகிறார். ஏற்கெனவே சொற்பஞ்சத்தில் வாடும் பிள்ளைக்கு இருந்த ஊற்றையும் அடைத்தாயிற்று.

ஆயினும், தமிழில் பேசிச் சோதித்துப் பார்க்கக்கூடிய சிகிச்சையாளர் கிடைப்பது எளிதாக இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் சோதிக்கப்படும் தமிழ்ப் பிள்ளையின் உண்மையான அளவு தெரியாமற் போகலாம். இதற்கு வெளியாரை நொந்து பயனில்லை. மருத்துவம், பொறியியல், சட்டம் என்று மட்டும் கனவு காணும் நம் பிள்ளைகளுக்கு, இப்படியொரு நான்காண்டுப் பட்டக்கல்வி உள்நாட்டிலேயே உண்டு என்பது தெரியாது. தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்கும் முன்னாள் மாணவர் இதழைப் படிப்பார்களாயின், இத்துறையையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோயில் நிருவாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் ஆண்டிற்கொரு முறை, விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பங்கை ஒதுக்கி, ஒரு சிகிச்சையாளரை அழைத்து இளந்தாய்மாருக்குச் செய்முறை வகுப்பு நடத்தலாம்.

எங்கள் பள்ளியைப் பொறுத்தவரை, அடுத்த பாலர் வகுப்புப் பதிவின்போது படிவத்தோடு தனித்தாள் ஒன்று வழங்கப்படும். பிள்ளையின் செவி சோதிக்கப்பட்டதா, இரண்டு வயதில் சொற்களைச் சேர்த்துப் பேசினானா, அயலார்க்கு அவன் பேச்சு விளங்குகிறதா என்னும் மூன்று வினாக்கள் அதில் இருக்கும். வீட்டில் உள்ள தம்பி தங்கையரைப் பற்றியும் அதே வினாக்கள் கேட்கப்படும். விடைகள் அலுவலகத்தில் மட்டுமே வைக்கப்படும். பிள்ளையைச் சேர்ப்பதற்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை.