எல்லாத் தட்டும் பாடும் பெட்டி! வாங்குமுன் பின்புறம் பாருங்கள்!

ஒரு வீட்டில் தகராறு.

அப்பாவிடம் 200 இசைத்தட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சி.டி. கொஞ்சம் டி.வி.டி. வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவந்த உயர் ரகத் தட்டுகள் சில. பாட்டுப் பெட்டி பழுதாகிவிட்டது.

"புதுப் பெட்டி வாங்க வேண்டும்" என்கிறார் அப்பா.

"வீண் செலவு! எல்லாப் பாட்டும் செல்போனில் வருகிறதே!" என்கிறான் மகன்.

யார் சொல்வது சரி?

அந்த அப்பா வேறு யாரும் அல்ல. நான்தான்! ஆகவே என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சந்தா கட்டிச் செல்போனில் கேட்கும் பாட்டு, வாடகை வீடு. கட்டணம் நின்றால் பாட்டும் நிற்கும். கம்பெனி நினைத்தால் ஒரு பாட்டை எடுத்துவிடலாம். தட்டு அப்படி அல்ல. அது சொந்த வீடு. ஆனால், சொந்த வீட்டுக்கும் சாவி வேண்டும். அந்தச் சாவிதான் தட்டுப் பெட்டி.

எத்தனை வகைத் தட்டு!

எல்லாத் தட்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். குறுக்களவு 12 சென்டி மீட்டர். உள்ளே இருப்பதுதான் வேறு.

முதலில் வந்தது சி.டி. 1982-ம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சோனி, பிலிப்ஸ் ஆகிய 2 கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கியவை. ஒரு வினாடி ஒலியை 44,100 முறை அளந்து, அந்த எண்களைத் தட்டில் பதிக்கிறார்கள்.

1996-ல் டி.வி.டி. வந்தது. 1999-ல் "சூப்பர் ஆடியோ சி.டி." வந்தது. 2000-ல் "டி.வி.டி. ஆடியோ" வந்தது. 2006-ல் "புளூ-ரே" வந்தது.

இத்தனையும் பாடுகிற ஒரே பெட்டிக்கு "யுனிவர்சல் பிளேயர்" என்று பெயர்.

பெயரைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். தாத்தா காலத்துக் கறுப்பு இசைத்தட்டு இதில் பாடாது. அதற்கு ஊசி வேண்டும்!

நான் பட்ட பாடு

வீட்டுத் தகராறில் என் கட்சி ஜெயித்தது. கடைக்குப் போனேன். பளபளப்பாக ஒரு பெட்டி. "எல்லாத் தட்டும் பாடும்" என்றார்கள். வாங்கி வந்தேன்.

வீட்டில் இருக்கும் ஆம்பிளிபயர் பழையது. அதன் பின்புறம் சிவப்பு, வெள்ளை என்று 2 துளைகள். புதுப் பெட்டியில் அந்தத் துளைகளே இல்லை! டி.வி.க்குப் போகும் எச்.டி.எம்.ஐ. துளைதான் இருந்தது. இரண்டையும் இணைக்க வேறொரு சிறு பெட்டிக்குத் தனியாகப் பணம் அழுதேன்.

அது மட்டுமா? பெட்டியின் முகப்பில் எழுத்துத் தெரியும் கண்ணாடியும் கிடையாது. எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்று தெரிய டி.வி.யைப் போட வேண்டும்.

"பாட்டுக் கேட்க டி.வி. எதற்கு?" என்று கேட்டாள் என் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

கடைக்காரர் மீது குற்றம் இல்லை. முன்புறத்தின் அழகைப் பார்த்தேன். பின்புறத்தைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.

பணத்தை எதில் போடுவது?

தட்டில் இருப்பது பாட்டு அல்ல, எண்கள். எண்களை ஒலியாக மாற்ற ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதை "டாக்" என்பார்கள்.

சிவப்பு, வெள்ளைக் கம்பியில் இணைத்தால், பெட்டியில் உள்ள டாக் வேலை செய்யும். ஆகவே பெட்டி உயர்ந்ததாக இருக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக எண்களை அப்படியே ரிசீவருக்கு அனுப்பினால், ரிசீவரில் உள்ள டாக் அந்த வேலையைச் செய்யும். அப்போது பெட்டியில் உள்ள விலை உயர்ந்த டாக் சும்மா இருக்கும். அதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

இன்னொரு செய்தி.

அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த 2 பேர் ஒரு சோதனை நடத்தி, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். உயர் ரகத் தட்டின் ஒலியையும், அதே ஒலியைச் சி.டி. தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். எது எது என்று சொல்ல வேண்டும். 554 தடவை சோதித்ததில் 276 தடவைதான் சரியான பதில் வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலும் பாதி சரியாகத்தானே வரும்!

ஆனால், உயர் ரகத் தட்டுகள் பல கேட்க இனிமையாக இருந்ததையும் அவர்கள் சொன்னார்கள். காரணம் என்ன? அவற்றைக் கவனமாகத் தயாரித்து இருக்கிறார்கள்.

ஆகவே என் கருத்து இது: இனிமை முதலில் பதிவில் இருக்கிறது. அடுத்து ஸ்பீக்கரில் இருக்கிறது. பெட்டி மூன்றாவதுதான். கையில் உள்ள பணத்தில் பெரும் பகுதியை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலில் வீட்டில் உள்ள தட்டுகளை எண்ணுங்கள். எல்லாம் சி.டி.தானா? சாதாரண சி.டி. பெட்டியே போதும். "சூப்பர் ஆடியோ" தட்டுகளிலும் பலவற்றில் சி.டி. அடுக்கு ஒன்று சேர்ந்தே இருக்கும். அவை சாதாரணப் பெட்டியிலும் பாடும்.

சொந்தத் தட்டுகளைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கீறல் விழுந்த தட்டு ஒன்றும் இருக்கட்டும். மெல்லிய வீணை வாசிப்பைப் போட்டு, பெட்டியின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். சுழலும் சத்தம் கேட்டால் வேண்டாம்.

தட்டைப் படிக்கும் லென்ஸ் பழுதானால் மாற்றுவதற்குக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து பெட்டி வருகிறதா? உஷார்! அமெரிக்காவில் 120 வோல்ட் மின்சாரம். நம் நாட்டில் 230. மேலும் படத் தட்டுகளுக்கு நாட்டுக்கு நாடு பூட்டு உண்டு. டி.வி.டி.யில் அமெரிக்கா 1-வது மண்டலம். இந்தியா 5-வது மண்டலம். சி.டி.க்கு அந்தத் தொல்லை இல்லை.

காலம் கடத்தலாமா?

கூடாது. இத்தகைய பெட்டிகளுக்குப் பெயர் பெற்ற "ஒப்போ டிஜிட்டல்" கம்பெனி, புதுப் பெட்டிகள் தயாரிப்பதை நிறுத்துவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தது. தயாரிப்போர் குறைந்து வருகிறார்கள். சாவி செய்பவன் கடையை மூடும்வரை காத்திருக்கலாமா?

கடைசியாக ஒன்று.

என் தாயார் பாடிய தாலாட்டு ஒரு சி.டி.யில் இருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்தது. அம்மா இன்று இல்லை. அந்தப் பாட்டு எந்தக் கம்பெனியிடமும் இல்லை. எந்தச் செல்போனிலும் வராது.

புதுப் பெட்டியில் முதலில் அதைத்தான் போட்டேன். மகன் வாசலில் நின்று கேட்டான். பேசவில்லை.

மறுநாள் அவனே அதைக் கம்ப்யூட்டரிலும் பதிந்து வைத்தான். அதுவும் நல்ல யோசனைதான். வீட்டில் பதிந்த தட்டுகள் நாளடைவில் கெட்டுப் போகக்கூடும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு தட்டு இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள்!