மத்திகிரியில் நிலத்தை நம்பி வாழலாமா?

நகர வாழ்க்கையில் சலிப்புற்ற குடும்பங்கள் சில, சிறிது நிலம் வாங்கித் தம் உழைப்பின் பயனையே உண்டு வாழ விரும்பி மத்திகிரிப் பக்கம் நாடி வருகின்றன. நம் உறுப்பினர்களிலோ சிலர், இருக்கும் நிலத்தை மனைக்காக விற்றுவிட எண்ணுகின்றனர். இரு சாராரும் கணக்குப் பார்த்து முடிவு செய்வது நலம்.

இயற்கை இவ்வூரை வஞ்சிக்கவில்லை. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதால் கோடையும் கொடிதன்று. செம்மண்ணில் கேழ்வரகும் அவரையும் கொள்ளும் மானாவாரியாகவே விளைகின்றன. 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் குதிரை வளர்க்கத் தேர்ந்த இடமே இன்று அரசுக் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. ஐவர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 2 கிலோ தானியம் உண்டால், ஆண்டிற்கு 730 கிலோ வேண்டும். மழை பொய்க்காத ஆண்டில் ஓர் ஏக்கர் கேழ்வரகே ஏறத்தாழ இதனைத் தரக்கூடும்.

எனினும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் சுமந்தே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையில் நுரை பொங்கும் காட்சி நமக்குப் புதிதன்று. ஆற்று நீரை நம்புவோர் அதனைச் சோதிக்காமல் கீரையும் காய்கறியும் பயிரிடலாகாது. கிணற்றை நம்புவோர், சித்திரை வைகாசியில் அது எவ்வளவு நேரம் இறைக்கும் என்று பார்த்தே நிலத்தை மதிப்பிட வேண்டும். ஐப்பசி மாதத்துப் பசுமையைக் கண்டு மயங்குதல் கூடாது.

அடுத்தது விலை. ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. மத்திகிரியும் அதன் எல்லைக்குள் அடங்கிற்று. ஆகவே நிலத்தின் விலையை நிர்ணயிப்பது விளைச்சலன்று, மனைக்கு உள்ள கிராக்கியே. கடன் பட்டு நிலம் வாங்குவோர் கேழ்வரகு விற்று வட்டி கட்ட இயலாது. விற்றுவிட்ட உழவரும் அதே நிலத்தை உழவு வருவாயைக் கொண்டு மீண்டும் வாங்க இயலாது.

அமெரிக்க அரசு 1862-ல் ஒரு சட்டம் இயற்றி, ஐந்தாண்டு குடியிருந்து உழுவோர்க்கு 160 ஏக்கர் வரை வழங்கிற்று. மழை குறைந்த சமவெளிகளில் அவ்வளவு நிலம் பெற்றும் பல குடும்பங்கள் நிலைக்க மாட்டாமல் வெளியேறின. இரண்டு ஏக்கரில் தனித்து வாழ முனைவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். உப்பு, எண்ணெய், துணி, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகிய யாவற்றையும் ஒரு குடும்பத்தின் நிலமே தந்துவிடாது.

ஆனால் ஒரு குடும்பத்தால் ஆகாதது ஒரு சங்கத்தால் ஆகும். உழவரின் கேழ்வரகு நெசவாளர் வீட்டிற்கும், நெசவாளரின் துணி உழவர் வீட்டிற்கும் இடைத்தரகரின்றிச் செல்லச் சங்கம் வழி செய்யலாம். நீர்ச் சோதனைச் செலவையும் ஏரி தூர்வாரும் உழைப்பையும் உறுப்பினர் பகிர்ந்துகொள்ளலாம். ஆதலின் நிலத்தை விற்க எண்ணும் உறுப்பினர்களுக்கு நாம் கூறுவது இதுவே: முன்பணத்தில் கைவைக்கும் முன், அடுத்த பொதுக்குழுவில் உங்கள் கணக்கை எடுத்து வையுங்கள். உங்களைத் தாங்கச் சங்கத்தால் இயலுமா என்பதை அங்கேயே கூடிப் பேசி முடிவு செய்வோம்.